சீனி வந்துருச்சு

முப்பத்தொரு வருடம் ஒரே சீனி ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். கச்சாச் சீனியை வாங்கி, உருக்கி, அழுக்கெடுத்து, வெள்ளைச் சீனியாக்கும் பழைய கம்பெனி அது. ஓய்வு பெற்றபின், போடிக்கு மேலே மலையில் இருக்கும் துண்டு ஏலக்காய்த் தோட்டமே கதியென்று கிடந்தேன். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, கம்பெனியின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். பெருமை பிடிபடவில்லை. ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினேன்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சிலமலை ஊர்க்கார அண்ணனுடையது. கம்பெனி இந்தப் பக்கம் ஆலை போட்டு முதன்முதலில் பாகு காய்ச்சியபோது, கலத்தருகே நின்றவர் அவர். அதிகாரிகள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு சொட்டுப் பாகைக் கண்ணாடிச் சில்லில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, சீனி மணிகள் தெரிந்ததும், "சீனி வந்துருச்சு!" என்று கத்தினாராம். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நாஞ் சொன்ன சொல்லு அப்படியே வரட்டும் அப்பு. பேரன் பேத்திக வாசிக்கணும்."

அச்சுக்குப் போகுமுன் பக்கங்கள் என் போனுக்கு வந்தன. தோட்டத்து ஆட்களோடு ஜீப்பில் மலையேறிக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்ததும் ரத்தம் தலைக்கேறியது. நான் சீனி என்று எழுதிய இடமெல்லாம் சர்க்கரை. "சர்க்கரை வந்துருச்சு!" என்று கத்துகிறார் அண்ணன். எங்கள் ஊரில் சர்க்கரை என்றால் பழுப்பு நிற நாட்டுச் சர்க்கரை. சீனி வெள்ளையாக வராமல் கெட்டுப்போனதைத்தான் மனுஷர் கூவினார் என்றல்லவா ஆகிறது! போதாக்குறைக்கு, சர்க்கரை வந்துவிட்டது என்றால் அது வியாதி.

சென்னையில் பிழை திருத்திய பெண்ணை அழைத்தேன். "அவருக்குச் சர்க்கரை வரலைங்க, சீனிதான் வந்துச்சு!" என்று கத்தினேன்.

எதிரே இருந்த, காய் எடுக்க வரும் அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "யாருக்குண்ணே சுகரு? பாகக்காய அரைச்சு வெறும் வயித்துல குடிக்கச் சொல்லுங்க."

ஜீப்பே சிரித்தது. எனக்கு எரிச்சல் கூடியது. போனில் அந்தப் பெண், "சார், எங்க பக்கம் சீனின்னு யாரும் சொல்ல மாட்டாங்களே" என்று இழுத்தார். மலை வளைவில் சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"சர்க்கரைன்னு இருக்குற எல்லாத்தையும் சீனின்னு மாத்துங்க. ஒண்ணு விடாம!" என்றேன். அதோடு சிக்னல் போய்விட்டது. அவர் சொன்னதைச் சொன்னபடியே செய்துவிட்டார்.

புத்தகம் வந்ததும் சிலமலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணனின் மருமகள் வாசித்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "சீனி வந்துருச்சு!" என்ற இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"இன்னொருக்கா வாசி ஆத்தா."

மூன்று தடவை வாசிக்க வைத்தார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சண்டை போட்டது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

அதற்கடுத்த வரியில் மருமகள் தயங்கினார். "அந்த மகிழ்ச்சியில் அன்று ஆலைப் பிள்ளையாருக்குச் சீனிப் பொங்கல் படைத்தார்கள்."

நான் எழுதியது சர்க்கரைப் பொங்கல். ஒன்று விடாமல் மாற்றச் சொன்ன மேதாவி நான்தானே! வெட்கத்தில் காது சுட்டது.

அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். "அன்னைக்கு வெல்லம் போட்டுத்தேன பொங்குனாக?"

"என் தப்புண்ணே. கோவத்துல ஒளறித் தொலைச்சுட்டேன். அச்சாகிப் போச்சு."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

"கெடக்கட்டும் அப்பு. அன்னைக்கு மொதச் சீனியில ஒரு கை அள்ளிச் சாமிக்கு வைக்கணும்னு அம்புட்டு ஆசை எனக்கு. அதிகாரிக நின்னாக, கேக்கப் பயந்துட்டேன். நீ வச்சுட்ட."