அம்மா ஒரே ஒரு முறை சொன்ன பெயர்

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப்பேர் அவர் கையால் இட்லி சாப்பிட்டவர்கள், மீதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அவர் பெற்ற எங்கள் மூவருக்கும் இரண்டுமே குறைவில்லாமல் கிடைத்தன.

போளூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் அம்மா. ஐந்தாவது வரை படித்தார். அடி அண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் வேர்க்கடலைக் கொல்லையில் உழைத்தார். பௌர்ணமிதோறும் கிரிவலம் வருபவர்களுக்கு இட்லி விற்று எங்களைப் படிக்கவைத்தார்.

எங்கள் மலையின் பெயர்தான் அப்பாவின் பெயரும். கணவர் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பதில் அம்மா மகா பிடிவாதம். பஸ்ஸில் ஏறினால் ஊர்ப்பெயரை முழுதாகச் சொல்லமாட்டார்.

"அடிக்கு ஒண்ணு குடுங்க."

"யார அடிக்கணும்மா?" என்று கண்டக்டர் கேலி செய்வார்.

இந்தப் பிடிவாதம் ஒரு கொலை வழக்கில் வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்? கிணற்றுத் தண்ணீர் முறைக்காக நடந்த சண்டையில் பக்கத்துக் கொல்லைக்காரரை ஒருவர் மண்வெட்டியால் வெட்டினார். பட்டப்பகலில் நடந்ததை நேரில் பார்த்தவர் அம்மா மட்டும்தான். வெட்டியவருக்கும் அப்பாவின் பெயரே. விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் அம்மா, "எங்க வீட்டுக்காரர் பேரு உள்ளவர்தாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். வெளியூர்க்காரரான அவருக்கு ஒன்றும் புரியவில்லை. 'பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய நபர்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அப்பா போய் விளக்கிய பிறகே பெயர் ஏறியது.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்ச ஆளுதானே? மொத நாளே ஏன் பேர் சொல்லல?"

"அது எங்க வீட்டுக்காரர் பேருங்க."

சொல்லியே ஆகவேண்டும் என்றார் நீதிபதி. அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, பெயரைச் சொன்னார். பின்வரிசையில் இருந்த அப்பா சட்டென்று எழுந்து, "வந்துட்டேன்" என்றார். கோர்ட்டே சிரித்தது. வீட்டுக்கு வரும்வரை அம்மா அப்பாவோடு பேசவில்லை.

ஆயுள் தண்டனை ஆனது. மேல்முறையீடு சென்னைக்குப் போனது. பெயர் ஒருநாள் தாமதமாக வந்ததால், அம்மாவுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பது அங்கே வாதம். ஊரிலும் அதே பேச்சு. காசு வாங்கிக்கொண்டு சொன்னார் என்றார்கள். அம்மா வாய்விட்டு அழுது நான் பார்த்தது அப்போதுதான். "கண்ணால பாத்தத சொன்னேன். இதுக்கு மேல நான் என்னா பண்றது?" என்பார்.

சொல்லிக்கொடுத்த சாட்சி என்றால் முதலில் சொல்லிக்கொடுப்பதே பெயரைத்தான், அந்தப் பெயரிலேயே இந்தம்மா தடுமாறியிருக்கிறார் என்று உயர் நீதிமன்றம் அம்மாவை நம்பியது. தண்டனை உறுதியானதை அரசு வக்கீல் வந்து சொன்னபோது அம்மா சந்தோஷப்படவில்லை. "அந்தப் பொண்ணு என்னா பண்ணுவா பாவம்" என்று, சிறைக்குப் போனவரின் மனைவியை நினைத்துத்தான் பேசினார். ஊர்ப்பேச்சு மட்டும் அடங்கவில்லை.

கடைசி மாதங்களில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர், செவிலியர்களுக்கும், முறைவைத்துச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் முன்பாக நன்றி சொல்லவேண்டியவர் ஒருவர் உண்டு. காரியத்தன்று, சிறைக்குப் போனவரின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுபவர், வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்கம்மா பொய் சொல்லலனு எனக்கு அன்னிக்கே தெரியும்மா. நான் கல்யாணமாயி வந்த நாள்லேர்ந்து என்னையே 'எங்க வீட்டுக்காரர் பேரு உள்ளவரோட சம்சாரம்'னுதான் சொல்வாங்க. எங்க வக்கீல் அவங்கள அப்படிப் பேசினப்போ நான் வாயத் தொறக்கல. புருஷனாச்சே."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் வாயைத் திறந்திருக்கமாட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இதை மலரில் எழுதலாமா என்று போன வாரம் போய்க் கேட்டேன்.

"எழுதும்மா. அவங்கள பொய்க்காரினு சொன்னவங்க இந்த ஊர்ல இன்னும் இருக்காங்க. அவங்களும் படிக்கட்டும்."