வலிக்காத கால்

அன்று கண்மாய் நடுவில் எனக்குத் தசைப்பிடிப்பு ஏற்படவில்லை. நான் நடித்தேன். நடித்துத்தான் அந்த ஆண்டின் சிறந்த நீச்சல் வீரன் என்ற பெயரை வாங்கினேன்.

சொல்லிவிட்டேன்! இத்தனை காலம் தொண்டைக்குள் கிடந்தது இவ்வளவு சின்ன விஷயந்தானா என்று நீங்கள் நினைக்கலாம். முழுவதையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

காரைக்குடிக்கு வெளியே ஒரு பெரிய கண்மாய். கார்த்திகை மழையில் அது நிரம்பிவிட்டால், தை மாதத்தில் நெடுந்தூர நீச்சல் போட்டி நடக்கும். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். உபரி நீர் வழியும் கலுங்கில் இறங்கி, எதிர்க்கரையைத் தொட்டுவிட்டு, திரும்பி வந்து கலுங்குக் கல்லைத் தொட வேண்டும். முதலில் தொடுகிறவனுக்குச் சால்வை. வாசகசாலைச் சுவரில் தொங்கும் மரக்கேடயத்தில் பெயர். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அதில் என் பெயர்தான். அதனால் என் பாத்திரக் கடையில் வியாபாரம் ஒன்றும் கூடவில்லை, தலைக்கனம் கூடியது.

படகு கிடையாது. காற்றடைத்த லாரி டியூபில் இரண்டு பேர் பின்னால் வருவார்கள், ஆடி அசைந்து. ஆகவே எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நீரில் ஒருவன் கையைத் தூக்கினால், அருகில் இருப்பவன் போட்டியை மறந்து அவனிடம் போக வேண்டும். டியூப் வரும்வரை அவனை விடக் கூடாது. அந்தக் கையை விளையாட்டுக்குக்கூட யாரும் தூக்கியதில்லை... நான் தூக்கினேன்.

காதர், ஆத்தங்குடியில் தரைக்குப் பூக்கல் வார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தவன். என்னைவிட இளையவன். ஒவ்வோர் ஆண்டும் எனக்கு அடுத்ததாக வந்தவன். அந்தத் தை முடிந்ததும் சிங்கப்பூருக்குப் புறப்பட இருந்தான். போட்டிக்கு முன்பு கடைக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னான்:

"இந்தத் தடவ விட மாட்டேண்ணே. எம் பேரு அந்தக் கேடயத்துல ஏறட்டும், அப்புறம் நான் கப்பல் ஏறுறேன். நான் இல்லாட்டியும் எங்க அத்தா வாசகசாலைக்கு வந்து அதப் பாத்துட்டுப் போவாக."

"பாப்போம்டா" என்றேன். நானும் சிரித்தேன்.

திரும்பும் வழியில் அவன் எனக்கு முன்னால் போய்விட்டான். மற்றவர்கள் வெகு தூரம் பின்னால். என் மூச்சு முட்டியது. ஆனால் கால்கள் நன்றாகத்தான் இருந்தன. அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்களா? என் பெயருக்குக் கீழே இன்னொருவன் பெயர் ஏறப்போகிறதே என்று நினைத்தேன். அவ்வளவுதான்! கையைத் தூக்கி, "காதரு!" என்று கத்தினேன்.

அவன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கலுங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே திரும்பி வந்தான்.

"கொரக்களி பிடிச்சுருச்சாண்ணே? பயப்படாதீக. மல்லாந்து படுங்க. பாரத்த எம் மேல போடுங்க."

என் கால் விரல்களை மடக்கினான், ஆடுசதையைத் தேய்த்தான். தன் கால்களை மட்டும் உதைத்து எங்கள் இருவரையும் மிதக்கவைத்தான். வாயில் தண்ணீர் புகுந்து இருமினான். நான் வானத்தைப் பார்த்தபடி இளைப்பாறினேன்... ஆம், இளைப்பாறினேன்!

டியூப் நெருங்கியது. "விட்டுருச்சு காதரு" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். என்னைத் தாங்கியதில் அவனுக்கு வலுவே மிச்சமில்லை. கலுங்குக் கல்லை நான்தான் முதலில் தொட்டேன்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னாலேயே கரையேறிய காதர், மூச்சிரைக்க, கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்: "கால் இழுத்துக் கெடந்த மனுசன் ஜெயிச்சுட்டாருய்யா!" கைதட்டல் இரட்டிப்பானது. வழக்கமான சால்வையோடு இன்னொரு சால்வையும் போர்த்தினார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். என்ன பிறவி நான்!

என் பெயர் நான்காவது முறையாகக் கேடயத்தில் ஏறியது. அவன் கப்பல் ஏறினான். அடுத்து வந்த மழைகள் பொய்த்தன. கண்மாய் நிரம்பாமல் போட்டியே நின்றுபோனது. கடைத்தெருவில் அவனுடைய தகப்பனாரைக் கண்டால் நான் வேறு சந்தில் திரும்பிவிடுவேன்.

சில ஆண்டுகள் கழித்துக் காதர் விடுப்பில் வந்தான். நேரே கடைக்கு வந்து, பையிலிருந்து ஒரு தைலக் குப்பியை எடுத்தான்.

"உங்களுக்குன்னே வாங்குனேண்ணே. இப்பவும் இழுக்குதா?"

"எப்பவாச்சும்..." என்றேன். இன்னொரு பொய்!

"காலை நீட்டுங்க."

எந்தக் கால்? எனக்கு நினைவில்லை. பொய்க்கு ஏது இடம் வலம்? இடது காலை நீட்டினேன்.

"இது இல்லண்ணே, வலது காலு" என்று சிரித்தான். "நாந்தானே பிடிச்சேன், எனக்குத் தெரியாதா?"

கடைத் தரையில் உட்கார்ந்து, என் வலது காலைத் தன் மடியில் எடுத்துவைத்து, சூடு பறக்கத் தேய்த்துவிட்டான். உண்மை வாய்வரை வந்தது... விழுங்கிவிட்டேன்.

ஒவ்வொரு விடுப்பிலும் ஒரு குப்பி கொண்டுவருகிறான். இப்போதெல்லாம் நான் மறப்பதில்லை. வலது காலைத்தான் நீட்டுகிறேன்.