மேல் டிவிசனின் முறை

என் மகளுக்கு ஒரு கேள்வி ஆட்டம் கிடைத்திருக்கிறது. கூட ஆடுபவர்களில் ஒருத்தி பினாங்கில் இருக்கிறாள், ஒருத்தி சிட்னியில், மற்றவர்கள் எங்கெங்கோ. ஒருவர் கேள்வி போடுவார். முதலில் சரியாகப் பதில் சொன்னவர் அடுத்த கேள்வியைப் போட வேண்டும். சோற்றில் கை வைத்தபடி கைப்பேசியைப் பார்த்துக் கத்துகிறாள். என்னடி இது என்று கேட்டால், "இதெல்லாம் ஆன்லைன்மா, உங்களுக்குப் புரியாது" என்கிறாள்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! எழுபதுகளின் கடைசியிலேயே லைனில் கேள்வி ஆட்டம் ஆடியவள் நான். இதே விதி, இதே கத்தல், இதே சண்டை. எங்கள் லைன் கண்ணுக்குத் தெரிகிற கம்பி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அதில் மேல் டிவிசனின் சின்ன கிராணி, அதாவது குட்டிக் கணக்கர், நான். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் எடை பார்க்கும் வேலைக்கு வந்திருந்தேன். கொட்டகைச் சுவரில் மரப்பெட்டி டெலிபோன் ஒன்று தொங்கும். பக்கவாட்டில் கைப்பிடி. அதைச் சுற்றினால் அந்தக் கம்பியில் இருக்கும் எல்லாப் பெட்டிகளிலும் மணி அடிக்கும். கீழே பேக்டரி, அடுத்து டிஸ்பென்சரி, அப்புறம் இரண்டாம் டிவிசன், அதற்கு மேல் தோட்ட மேனேஜரான துரையின் பங்களா, உச்சியில் கடைசியாக நாங்கள். யாருக்கு அழைப்பு என்பதை மணி அடிக்கும் விதத்தில் தெரிந்துகொள்வோம். மூன்று குட்டை மணி அடித்தால் எங்களுக்கு. விடாமல் ஒரே நீள மணி அடித்தால் ஆபத்து என்று அர்த்தம். மண் சரிந்திருக்கும், தீப் பிடித்திருக்கும், லோரி கவிழ்ந்திருக்கும். அந்த மணி கேட்டால் யாராக இருந்தாலும் ஓடிவந்து ரிசீவரை எடுக்க வேண்டும்.

சாயந்திர நிறுவை முடிந்ததும் ஒவ்வொரு டிவிசனும் எடையைப் பேக்டரிக்குச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகு, லோரி கீழே போய்ச் சேரும்வரை பேக்டரி கிராணிக்கு வேலை இல்லை. அவர்தான் ஒருநாள் சும்மா இருக்க முடியாமல், "எங்க, ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம், சொல்லுங்க பாப்போம்" என்று ஆரம்பித்து வைத்தார். அன்றிலிருந்து மழை நாளில்கூட ஆட்டம் நின்றதில்லை. பேக்டரி கிராணி, டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர், இரண்டாம் டிவிசனின் இளங்கிராணி, நான் என்று நான்கு பேர். லைனில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். "சொல்லுங்க, டிஸ்பென்சரி", "தப்பு, ரெண்டாம் டிவிசன்", அப்படித்தான்.

விதிகளில் பேக்டரி கிராணி ரொம்பக் கறார். ஒருமுறை டிரெஸருக்குக் கேள்வி போடும் முறை வந்தது. மனிதர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "அங்க மழை வருதா?" என்று கேட்டுவிட்டார். "வருது!" என்றான் இரண்டாம் டிவிசன். "பதில் சரி, ரெண்டாம் டிவிசன் கேக்கலாம்" என்றார் பேக்டரி கிராணி. டிரெஸர் குதித்தார். அது கேள்வியே இல்லை என்று கத்தினார். முறை வந்த பிறகு வாயிலிருந்து முதலில் வரும் கேள்விதான் கேள்வி என்று தீர்ப்பாகிவிட்டது. மறுநாள் காலை லைன் காலியாக இருந்தபோது பேக்டரிக்கு மணி அடித்து, அந்தத் தீர்ப்பு நூற்றுக்கு நூறு சரி என்று சொன்னவள் நான். டிரெஸர் தோற்றதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

காலையில் எதற்கு அடித்தேன் என்றால், சாயந்திரத்தில் நான் பேசுவது ஒருவருக்கும் கேட்காது. அதுதான் என் தலையெழுத்து. லைன் பார்க்க வந்த ஆளிடம் கேட்டேன். "ஒரே பைப்புல கீழ உள்ளவங்க எல்லாம் குழாயைத் தொறந்தா, மேட்டு வீட்டுக்கு எப்படித் தண்ணி வரும்? அதே கதைதான் லா" என்றார். கீழே ஒவ்வொரு ரிசீவராக எடுக்க எடுக்க என் குரல் இளைத்துப் போகும். இதில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் நான் இருக்கிற சுவடே தெரியாது. எடை சொல்லும்போது மட்டும் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ஆட்டத்தில் யார் வாயை மூடுவார்கள்?

அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும். கேள்வி கேட்கும், தப்பான பதில்கள் கேட்கும், சிரிப்பு கேட்கும். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று அன்றைக்கே முதலில் சொன்னவள் நான். எனக்குப் பின்னால் சொன்ன டிரெஸருக்குத்தான் பாராட்டு. என் பதிலை லேசாகக் காதில் வாங்கிக்கொண்டு தன் பதிலாகச் சொல்லிவிட்டார் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பேக்டரி கிராணியிடம் முறையிட்டேன். "காதுல விழுந்தாத்தான் பதில், பிள்ளை" என்று முடித்துவிட்டார்.

கொழுந்து நிறுத்து முடித்த அக்காக்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வாய்த்துடுக்கான அக்கா ஒருத்தி உண்டு. "நீ கத்துறது தானா ராத்தா டவுன் வரைக்கும் கேக்குது. இதோ கீழ இருக்கிற ரெண்டாம் டிவிசனுக்கு மட்டும் கேக்க மாட்டேங்குதே!" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

சிரிப்பாகவா இருந்தது எனக்கு? என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. பிரிஞ்சாங் கடைத்தெருவில் வாங்கிய கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது அந்தத் தாளில் கண்டது. யாரோ பிள்ளையின் அறிவியல் புத்தகத்துப் பக்கம். எந்தக் கிரகத்தில் ஒரு நாள் ஒரு வருசத்தைவிட நீளம்? படித்த இடத்திலேயே கடலையை மறந்து நின்றேன். ஒரு நாள் முடிவதற்குள் வருசமே முடிந்து போகிறதாம்! மற்ற மூன்று பேரில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்காது என்று சத்தியம் செய்யலாம். ஒரே ஒருமுறை எனக்கு முறை வந்தால் போதும், அத்தனை பேரையும் வாயடைக்க வைத்துவிடுவேன். மாதக்கணக்கில் அந்தக் கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு, வராத முறைக்குக் காத்திருந்தேன்.

இதற்கிடையில் புதிதாக ஒரு துரை வந்தார். ஈப்போப் பக்கத்து ஆள், நம்மவர்தான். ஆனால் தமிழ் பேசினால் பதவி குறைந்துவிடும் என்பதுபோல எங்களிடம் ஆங்கிலத்திலேயே பேசுவார். டெலிபோன் தோட்டத்து வேலைக்கு மட்டும், வெட்டிப் பேச்சு காதில் விழுந்தால் பெட்டியையே கழற்றிவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் ஆட்டத்தை விடவில்லை. மணி அடிக்காதவரை பங்களாவில் யாரும் ரிசீவரை எடுக்கப் போவதில்லை என்ற தைரியம்தான்.

அன்றைக்கு முறை பேக்டரி கிராணிக்கு. "உலகத்திலேயே பெரிய தீவு எது?" என்றார்.

"போர்னியோ!" என்று இரண்டாம் டிவிசன் பாய்ந்தான். தப்பு. "ஆஸ்திரேலியா" என்றார் டிரெஸர். "அது கண்டம் லா!" என்று சிரித்தார் பேக்டரி கிராணி.

"கிரீன்லாந்து!" என்று கத்தினேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. "கிரீன்லாந்து, கிரீன்லாந்து!" தொண்டை கிழிந்தது. அந்தப் பக்கம் டிரெஸர் நிதானமாக, "இருங்க, யோசிக்கிறேன்" என்கிறார். அவர் யோசித்துக் கண்டுபிடித்துவிட்டால்? அப்போதுதான் தோன்றியது. குரல்தானே போகவில்லை, மணி போகுமே! எங்கள் மூன்று குட்டை மணியை அடித்தால் மேல் டிவிசன் என்று தெரிந்துகொண்டு வாயை மூடுவார்களே! கைப்பிடியைப் பிடித்தேன், சுற்றினேன்.

மூன்று முறை வெட்டி வெட்டிச் சுற்றியிருக்க வேண்டும். இருந்த பரபரப்பில் கை நிற்கவில்லை. விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். மலை முழுக்க நீள மணி அடித்தது.

"அடிப்பாவி, என்னடி பண்ற!" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்குப் புரிந்தபோது காரியம் கெட்டுவிட்டது. லைனில் படக் படக்கென்று இரண்டு ரிசீவர்கள் கீழே போயின. துரை எடுத்துவிடுவார் என்று பயந்து டிரெஸரும் இரண்டாம் டிவிசனும் தப்பித்துக்கொண்டார்கள். அடுத்த நிமிடம் மூச்சிரைக்க ஒரு குரல்.

"என்ன ஆச்சு? எங்க மண்ணு சரிஞ்சிருச்சு? ஆளு யாரும் மாட்டிக்கிட்டாங்களா?"

துரை! அதுவும் சுத்தமான ஈப்போத் தமிழில். அந்த நிலையிலும் எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

"லைன் டெஸ்ட் பண்றோம், சார்" என்றது பேக்டரி கிராணியின் குரல். பாவம், நடுங்கிக்கொண்டே பொய் சொன்னார்.

"நீள மணி அடிச்சா டெஸ்ட் பண்ணுவீங்க? யாரு அடிச்சது?"

"நான்தான் சார், மேல் டிவிசன்" என்றேன். லைனில் மூன்றே பேர் இருந்ததால் என் குரல் கணீரென்று போனது. எனக்கே அது புதிதாக இருந்தது. "மண்ணெல்லாம் சரியல சார். எனக்குப் பதில் தெரியும்."

"என்ன பதிலு?"

"உலகத்திலேயே பெரிய தீவு கிரீன்லாந்து, சார்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு திட்டினார். சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தாராம், உயிரே போய்விட்டதாம், அந்த மணி எதற்கென்று தெரியாதா என்றார். தெரியும் சார், தெரியும் சார் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். திட்டி முடித்துவிட்டு, "பேக்டரி, அந்தப் பதில் சரியா?" என்று கேட்டார்.

"சரிதான், சார்" என்றார் பேக்டரி கிராணி. அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் ஆட்டமென்று வந்துவிட்டால் அவருக்குத் துரையும் தெரியாது, யாரும் தெரியாது. வாய் தானாகவே சொன்னது: "மேல் டிவிசன் கேக்கலாம்."

என் முறை! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து லைனில் டக், டக் என்று சத்தம். ஓடிப்போன இரண்டு பேரும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத் திரும்ப ரிசீவரை எடுத்துவிட்டார்கள். லைன் இளைத்துவிட்டது. ஐயோ, இத்தனை நாள் வைத்திருந்த கேள்வி இப்போதும் காதில் விழாமல் போய்விடுமோ என்று பதறி, "ஹலோ, நான் பேசறது கேக்குதா?" என்றேன்.

துரை லைனில் இருந்ததால் கீழே ஒருவரும் மூச்சுவிடவில்லை. அந்த அமைதியில் என் மெல்லிய குரல்கூடப் பேக்டரிவரை போயிருக்கிறது.

"கேக்குது" என்றார் துரை.

பேக்டரி கிராணி தொண்டையைச் செருமினார். "வந்து... கேள்வி கேட்டாச்சு. பதில் சரி. அடுத்து துரைதான் கேக்கணும்."

டிரெஸர் சிரிப்பை அடக்க முடியாமல் குழறியது எனக்குக் கேட்டது. எனக்கு ரிசீவரைச் சுவரில் அடித்து உடைக்க வேண்டும் போல் இருந்தது. அந்தத் தீர்ப்பு நூற்றுக்கு நூறு சரி என்று சொன்ன வாய் எது? இதே வாய். யாரிடம் போய்ச் சண்டை போட?

துரைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பேக்டரி கிராணி தயங்கித் தயங்கி விதியைச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துரை, "நாளைக்கு இது எப்போ ஆரம்பிக்கும்?" என்றார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் தினமும் ஆடுகிறோம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், நாளைக்கே பெட்டிகளைக் கழற்றிவிடுவார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அவர் கேட்டது கேள்வி. அதற்குப் பதில் எனக்குத் தெரியும்.

"கொழுந்து லோரி கீழ இறங்கினதும், சார்!" என்று கத்தினேன்.

துரை மெதுவாக, "பேக்டரி, பதில் சரிதானா?" என்றார்.

"சரிதான், சார். மேல் டிவிசன் கேக்கலாம்."

இந்தமுறை நான் ஹலோ சொல்லவில்லை, யாரையும் விசாரிக்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, "எந்தக் கிரகத்துல ஒரு நாள் ஒரு வருசத்தைவிட நீளம்?" என்று கேட்டேன்.

லைனில் சத்தமே இல்லை. மாதக்கணக்கில் நான் பேசியபோதெல்லாம் அங்கே யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை. அது நான் பேசியது கேட்காததால். இன்றைக்கு நான்கு பேருக்கும் கேட்டிருக்கிறது, நான்கு பேருக்கும் தெரியவில்லை. கொட்டகையில் அக்காக்கள் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போல் இருந்தது.

கடைசியில் டிரெஸர்தான் வாயைத் திறந்தார். "மேல் டிவிசன், இன்னொரு தடவை சொல்லு லா."

"முடியாது" என்றேன். "நல்லாத்தான் கேட்டுச்சுல்ல?"