மகளின் தலைப்பொருக்கும் என் கட்டைவிரலும்

மூன்றாம் மாதம் மகளுக்குத் தலைக்கு ஊற்றும்போதுதான் அதைப் பார்த்தேன். உச்சியில் மஞ்சளாக, மெழுகு காய்ந்ததுபோல ஒரு படலம். இரண்டு வாரத்தில் நெற்றி ஓரம்வரை இறங்கி, சின்னச் சின்னச் செதிலாகத் தூக்கிக்கொண்டு நின்றது. குழந்தை அழவில்லை, நன்றாகப் பால் குடித்தாள். பயந்ததெல்லாம் நான்தான்.

சுதந்திரம் வந்த புதிது. ராயபுரம் கடலோரத்தில் எங்கள் குடிசை. வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போவார். நான் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து விற்பேன். வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டினால் செதில் தெறித்துக்கொண்டு வரும். பத்து வயதிலிருந்து செய்யும் வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. ஒருநாள் பால் கொடுத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு சுவாரஸ்யத்தில் என் கட்டைவிரல் நகம் பிள்ளையின் பிடரியிலிருந்து உச்சிக்கு ஏறிவிட்டது. ஒரு பொருக்கு பெயர்ந்து கையோடு வந்தது. குழந்தை வீறிட்டாள். கீழே ரத்தம். நாலு நாளில் அங்கே சீழ் வைத்துவிட்டது.

பிள்ளைப்பேறு நிலையத்து நர்ஸம்மா பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, அதுவே சுருக்கென்றது.

"இது பேரு தலைப்பொருக்கு (தோலில் ஊறும் எண்ணெய்ப்பசை செதிலாகக் காய்ந்து ஒட்டிக்கொள்வது). நோய்னு பயப்பட வேண்டாம், தானா உதிரும். நீ கிளப்பிவிட்ட புண்ணுதான் இப்ப நோய். அது பரவிச்சுன்னா ஆஸ்பத்திரியில சேர்க்கணும்."

புண்ணுக்கு ஜென்ஷன் வயலட் (சீழைக் கட்டுப்படுத்தும் ஊதா மருந்துநீர்) தடவினார். புண் ஆறியபிறகு மீதிப் பொருக்குக்குத் தேங்காயெண்ணெய் போதும் என்றார். அரைமணி ஊறவேண்டும், துளி சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், வராததை விட்டுவிடவேண்டும்.

பத்து நாளில் புண் ஆறியது. ஆனால் எண்ணெயைக் கையில் எடுத்தால், தலையில் வைக்காமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பேன். என் விரலை நானே நம்பவில்லை.

"இன்னாமே, கையத் தூக்கிகினு அய்துகினு கீறே? குடு இப்டி" என்றார் வீட்டுக்காரர்.

உப்பும் கயிறும் அறுத்த கை அவருடையது. கரையேறியதும் மதியத்தில் பிள்ளையை முழங்காலில் போட்டுக்கொள்வார். எண்ணெயின் சூட்டை மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பார். தடவிவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு கழுவி, பழைய வேட்டித்துணியால் முடி வளர்ந்த போக்கிலேயே ஒற்றி எடுப்பார்.

"வல சிக்கிகினா இழுப்பனா நானு? வர்றத எடுத்துகினு மீதிய நாளைக்கு வுட்டுடுவேன். அத்தே மாதிரிதான்."

கூட்டாளி ஒருவர் வாசலில் நின்று சிரித்தார். "இன்னா மாமு, பொண்ணுக்குத் தல வாரிகினு கீறியா? பூ வெச்சி வுடு!"

"வெக்கத்தாண்டா போறேன். மொதல்ல முடி வரட்டும்."

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவரை இவ்வளவு பெருமையோடு நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்து வீட்டில் அவர் எதற்கும் காத்திருந்ததே கிடையாது, சோறு உட்பட.

உங்கள் பிள்ளைக்கும் இப்படி இருந்தால் பதறாதீர்கள். உச்சிக்குழி (எலும்பு இன்னும் கூடாத மெத்தென்ற இடம்) மேலும் எண்ணெய் தடவலாம், அழுத்தக்கூடாது. சீழோ நாற்றமோ கண்டால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

எண்ணெய் வைக்கத் தொடங்கிய ஆறாவது வாரம் தலை சுத்தமாகிவிட்டது.

"தொட்டுப் பாருமே."

"வாணாய்யா."

அவர் என் கையைப் பிடித்து மகளின் தலைமேல் வைத்தார். உள்ளங்கைக்குக் கீழே உச்சிக்குழி மெல்லத் துடித்தது. மீன் கெட்டுவிடும் என்று பிறந்ததிலிருந்து ஓடிப் பழகியவள் நான். அன்றைக்குக் கூடை நிறைந்து இருந்தது, மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டதும் தெரிந்தது. கையை எடுக்க எனக்கு மனமில்லை. அவர் கூடையை நிழலுக்கு நகர்த்தி வைத்தார்.