சைற் பார்க்கப் போன சனிக்கிழமை

"அக்கா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சைற் பாக்கப் போறன்" என்று மாமா சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நாடு மாறி வந்த அந்த வருடங்களில் எங்கள் வெக்ஸ்போர்ட் அடுக்குமாடிக் கட்டிடத்தில் பாதிச் சனம் சைற் பார்த்துக்கொண்டுதான் திரிந்தது. நகரத்துக்கு வெளியே பிக்கரிங்கிலும் அஜக்ஸிலும் வெறும் நிலத்தில் கொடி நட்டு, இங்கேதான் வீடு வரப்போகிறது என்று காட்டுவார்கள். இவர்களும் சேற்றை மிதித்துப் பார்த்துவிட்டு வந்து, குசினி நல்ல பெரிசு என்பார்கள். எங்கள் சோபாவில் படுத்தெழும்பும் தம்பிக்கும் ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். எனக்கு இழுத்துத் தலை பின்னி, நல்ல சட்டை போட்டுவிட்டார். வாசல் கிழக்குப் பார்த்ததோ என்று மறக்காமல் கேட்கச் சொன்னார்.

மாமா பார்க்கப் போனது துவக்குக்கு சைற். குறிபார்ப்பதற்காகக் குழலின் மேலே இரும்புத்துண்டு பூட்டியிருக்குமே, அது.

மாமா கதவு செய்யும் பக்டரியில் வேலை செய்தார். பக்கத்து மெஷினில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் வருடா வருடம் மான் வேட்டைக்குப் போகிறவர். முழங்கால் இரண்டும் போய்விட்டதால் தன் பழைய துவக்கை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். அடியில் கைவிரல்கள் போகுமளவு ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். அதில் பின்பக்கத்து சைற் மட்டும் உடைந்திருந்தது. மாமா லைசென்ஸும் எடுத்துவிட்டார். சோதனைப் புத்தகத்தை அவருக்கு வாசித்துக் காட்டியதே நான்தான். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. முதலில் மான் இறைச்சியைக் கொண்டுவந்து வைப்பது, துவக்கு விஷயத்தைப் பிறகு சொல்வது என்பது மாமாவின் திட்டம்.

மாமாவுக்கு இங்கிலீஷ் மட்டு மட்டு. அதனால் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். எனக்கு ஒன்பது வயது. வீட்டில் எனக்கிருந்த ஒரே மரியாதை அந்த இங்கிலீஷ்தான், அதுவும் போன கிழமையோடு போயிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பலகையில் எழுதுவது எதையும் இந்தப் பிள்ளை விளங்கிக்கொள்வதில்லை, நத்தார் லீவுக்குப் பிறகு தனி வகுப்பில் போட யோசிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான், மடைச்சி, ஒரு சொல் விடாமல் சொன்னேன். அம்மா இரண்டு நாள் அழுதார். எனக்கு மூளை காணாது என்று நானும் நம்பினேன். பலகையில் மங்கலாக ஏதோ கிடக்கும். மற்றப் பிள்ளைகள் அதை மூளையால் கண்டுபிடித்து வாசிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடை பிக்கரிங்கைத் தாண்டி, சோளம் வெட்டிய வயல்களுக்கு நடுவே தனியாக நின்றது. உள்ளே எண்ணெய் மணம். செந்தாடிக் கடைக்காரர் மேசையில் மணல் மூட்டையை வைத்து, ஒரே மாதிரியான மூன்று துவக்குகளை எடுத்துவந்தார். மூன்றிலும் மூன்று விதமான சைற். ஒன்றுக்கு எருமைக்குப் போல இரண்டு கொம்புகள். நடுப்பள்ளத்தால் பார்க்க வேண்டும். இன்னொன்று தட்டையான தகடு, அதில் சின்ன வெட்டு. மூன்றாவது, கண்ணுக்குக் கிட்ட நிமிர்ந்து நிற்கும் ஒரு வளையம். வளையத்துக்குள் ஐந்து சதக் காசைவிடச் சின்னதாக ஒரு வட்டத் தகடு பூட்டியிருந்தது. அதன் நடுவில் ஊசி போகிற மாதிரி ஒரு துளை.

மாமா முதலாவதை எடுத்துத் தோளில் வைத்தார். கன்னத்தைச் சாய்த்தார், முழங்கையை இறக்கினார், மூச்சு நின்றுவிட்டது. தலை துடைத்த ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்குகிற மனிதர் இவர்தானா என்று இருந்தது எனக்கு. கடைக்காரர் பார்த்துக்கொண்டு நின்று ஏதோ சொன்னார்.

"உங்களுக்கு உது நல்ல பழக்கம் போல கிடக்காம்" என்றேன்.

"இல்லையெண்டு சொல்லு" என்றார் மாமா, கண்ணை எடுக்காமல். நானும் இல்லையென்று சொன்னேன்.

மாமாவுக்குக் கொம்பு பிடித்திருந்தது. கொம்பு மானில் பாதியை மறைத்துப்போடும், வளையம் என்றால் எதையும் தேடத் தேவையில்லை, அதற்குள்ளால் பார்த்தால் போதும் என்றார் கடைக்காரர். மாமா மாற்றி மாற்றிப் பார்த்தார். அரை மணித்தியாலமாகியும் முடிவில்லை. எனக்கு அலுத்துப்போய், நானும் ஒருக்கால் பார்க்கட்டோ என்று கெஞ்சினேன். கடைக்காரர் துவக்கின் அடியிலிருந்த இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி உள்ளே தோட்டா ஒன்றுமில்லை என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, துவக்கை மணல் மூட்டையில் சாய்த்து வைத்தார். நான் அந்த ஊசித் துளையில் கண்ணை வைத்தேன்.

தூரச் சுவரில் மாட்டியிருந்த மான் என்னைப் பார்த்தது.

அதுவரை அங்கே கிளை முளைத்த ஒரு மண்ணிற மூட்டைதான் இருந்தது. இப்போது அதற்குக் கண் இருந்தது. கண்ணுக்கு இமைமயிர் இருந்தது. மூக்கில் தூசி இருந்தது. இரண்டு கொம்புக்கும் நடுவில் சிலந்தி வலை, வலையில் ஒரு செத்த பூச்சி. மானுக்குக் கீழே ஒரு மட்டை, மட்டையில் எழுத்து. இந்தத் தலையைத் தொடவேண்டாம், இது உங்களைத் தொடவில்லையே என்று எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தேன். தலையைத் தூக்கினால் எல்லாம் புகை. குனிந்தால் திரும்பவும் மான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சாமிப் படத்துக்கு முன்னால் நின்றபோதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை. உலகத்தில் இவ்வளவு சாமான் கிடக்கிறதா, எல்லாவற்றையும் இந்தத் துளைக்குள்ளேயா ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பயமாகக்கூட இருந்தது.

துளையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு வாசிக்கும்படி மாமா சொன்னார். வெறுங்கண்ணால் ஆர் வாசிப்பினம் என்று கேட்டேன். மாமா நின்ற இடத்தில் நின்றபடியே, அந்த மட்டையைத் தன் ஓட்டை இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி வாசித்தார். நான் வாயைப் பிளந்துவிட்டேன். மாமாவுக்கு இவ்வளவு மூளையா?

அவர் எனக்கு முன்னால் குந்தி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"பிள்ளை, வகுப்பில பலகையில எழுதுறது உனக்குத் தெரியிறேல்லையோ?"

"ஒருத்தருக்கும் தெரியாதுதானே மாமா."

மாமாவின் கண் கலங்கியது. கொம்பு வாங்கக் கிடைக்கவில்லை என்ற கவலையாக்கும் என்று நினைத்தேன். ஏனென்றால் எழும்பியதும் வளையத்தையே தரும்படி சொல்லிவிட்டார். காட்டுப் பற்றைக்குள் வெளிச்சம் காணாது, இந்தத் துளை இருண்டுபோகும், வெறும் வளையமே நல்லது என்று கடைக்காரர் சின்னத் தகட்டைக் கழற்றினார். அதை மாமா என் கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வாசல் எந்தப் பக்கம் என்று அம்மா கேட்டார்.

"சைற் பிழை அக்கா" என்றார் மாமா. "பிள்ளைக்குத்தான்."

பிறகு எல்லாம் வெளியே வந்தது, துவக்கு உட்பட. அம்மா துவக்குக்கு ஒரு பாட்டம், கண்ணாடிக்கு ஒரு பாட்டம் ஏசினார். பெட்டைக்கு இப்பவே கண்ணாடி போட்டால் நாளைக்கு ஆர் கட்டுவான் என்று தொடங்கியவர், நடுவில் நிறுத்திவிட்டு, என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதார். சின்னத் துளையால் பார்த்தால் மங்கல் கண்ணுக்கும் கொஞ்சம் தெளியுமாம், கண்ணாடி வரும்வரை அந்தத் தகட்டை ஒரு கண்ணில் பிடித்தே பலகையை வாசித்தேன். அது எதிலிருந்து வந்தது என்று ரீச்சர் கேட்டபோது மாமா தந்தது என்று மட்டும் சொன்னேன். அதற்கு மட்டும் மூளை வேலை செய்தது. தனி வகுப்புக் கதையும் அதோடு போயிற்று.

நவம்பரில் மாமா கிழவரின் மகனோடு வடக்கே போனார். இவ்வளவு ஏசின அம்மா, மூன்றாம் நாள் மஞ்சளும் உப்பும் தூளும் எடுத்து வைத்து, பெரிய சட்டியையும் கழுவி வைத்திருந்தார். மாமா வெறுங்கையோடு வந்து சோபாவில் இருந்தார்.

"மான் வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"வந்தது."

"அப்ப தெரியேல்லையோ?"

"தெரிஞ்சுது பிள்ளை. இமைமயிரும் தெரிஞ்சுது. முந்தி ஒருக்காலும் எனக்கு உப்பிடித் தெரிஞ்சதில்லை."

குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. அம்மா கதவடிக்கு வந்து தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினெட்டு வயதில், ஊரில் சண்டை நடந்த காலத்தில், மாமா துவக்குத் தூக்கித் திரிந்தவர் என்பதும், அது மானைத் தேடி அல்ல என்பதும் எனக்கு இருபது வயது கடந்தபிறகுதான் சொல்லப்பட்டது. அன்றைக்கு எனக்கு அவர்மேல் இரக்கம் மட்டுமே வந்தது. பாவம், தெரிந்தும் தவறவிட்டுவிட்டார். எங்கே பிழை என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஓடிப்போய் என் பள்ளிக்கூடப் பையிலிருந்து அந்தச் சின்னத் தகட்டை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"அடுத்த முறை இதைப் பூட்டிக்கொண்டு போங்கோ மாமா. இன்னும் வடிவாத் தெரியும்."

மாமா கையை மூடினார். கண்ணையும் மூடிக்கொண்டார். பெரிய உதவி செய்துவிட்ட பெருமையோடு, நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.