சுஹைராவின் கடற்பக்கங்கள்

கிண்ணியாவில் சுஹைரா கறியைக் கருக விடாத நாள் குறைவு. சட்டியை அடுப்பில் வைப்பாள், கரண்டியைக் கையில் பிடிப்பாள், மனம் மட்டும் கடலுக்குப் போய்விடும். வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற கொட்டியாரக் குடாவுக்கு இல்லை. கணினிக்குள் அவளே கட்டிவைத்த கடலுக்கு.

ஒரு மீனவர் சங்கத்துக்காக இணையத்தளம் செய்துகொண்டிருந்தாள். தண்ணீருக்கடியில் கிடந்து மீனைச் சேர்க்கும், படகையும் உடைக்கும் கற்களைக் கடலோடிகள் கரையைப் பார்த்துத்தான் அறிவார்கள். கோதுமை மா ஆலைக் கட்டடம் மலை நுனிக்கு நேரே வந்தால் இந்தக் கல், வெளிச்சவீடு பனைகளுக்குள் மறைந்தால் அந்தக் கல். இதையெல்லாம் நாற்பது பேரிடம் கேட்டு, கல்லுக்கொரு பக்கமாக எழுதினாள். முகப்பில் படகுத் துறைகளின் பெயர்கள் இருக்கும். துறையைத் தட்டினால் அதன் கடற்பகுதிகள், பகுதியைத் தட்டினால் கற்கள். ஒரு பக்கத்துக்கு மேலே ஒரே பக்கம்தான். கிளைக்குக் கிளை குறுக்குவழி வைக்கமாட்டாள். வைத்தால் ஒழுங்கு கெட்டுவிடுமாம்.

சின்ன வயதிலும் இப்படித்தான். உம்மாவின் அலுமாரியை அவள் அடுக்கினால் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் துவாய் எங்கே என்று வீடு முழுக்க அவளிடம்தான் வந்து கேட்கவேண்டும். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் பிறகு வினையானது.

மத்தியானத்தில் கண்ணை மூடினால் முகப்பிலிருந்து இறங்கத் தொடங்குவாள். கிண்ணியா, உள்குடா, கல். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் கொஞ்சம் கூடக் குளிரும். கல்லின் முதுகில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், தோணிகளின் அடிவயிறுகள் வெயிலில் மெதுவாக நகரும். அங்கே அவளை யாரும் கூப்பிடுவதில்லை. பிறகு தீய்ந்த மணம் வரும், எழுந்து குசினிக்கு ஓடுவாள்.

அவளுடைய தம்பி இக்ராம் பன்னிரண்டு வருடம் கட்டாரில் குளிரூட்டி திருத்திவிட்டு வந்து, ஒரு சின்னப் படகு வாங்கினான். பத்தொன்பது வயதில் விட்டுப்போன கடல் அவனுக்கு மறந்துபோயிருந்தது. துறையில் நிற்கிறவர்களிடம் கேட்டால் வாயிலிருக்கிற முத்தா உதிர்ந்துவிடும்? கேட்கமாட்டான். வெட்கம்.

"எனக்கு ஆரும் வேணாம் ராத்தா. உங்கட பக்கம் இரிக்கே, அது காணும்," என்றான்.

அந்தச் சொல் அவளைக் குளிரவும் வைத்தது, பயமுறுத்தவும் செய்தது. நாற்பது பேரின் சொல்லை நம்பி அல்ல, அவள் அடுக்கிய அடுக்கை நம்பி ஓர் உயிர் கடலுக்குப் போகிறது.

கார்த்திகை மாதம் ஒரு காலையில், பெருமழை கலைந்து வெண்மூட்டம் நின்ற நேரம், தொலைபேசி அடித்தது.

"ராத்தா, எங்க நிக்கிறன் எண்டு விளங்குதில்ல. நீரோட்டம் இழுத்துப் போட்டிட்டு. முன்னால தண்ணி வெள்ளையாப் பொங்குது."

"போன்ல வரைபடம் காட்டல்லையா?"

"காட்டுது. நீலத்துக்கு நடுவுல நீலப் புள்ளி. அதுல கல்லு எங்க இரிக்கி? கிண்ணியாவுக்குள்ள எல்லாப் பக்கமும் பாத்திட்டன். ஒண்டும் ஒத்து வரல்ல."

"என்ன தெரியிது? கண்டதச் சொல்லு."

"ஒரு பள்ளிவாசல் மினாரா. பக்கத்துல போன் டவர். வேற ஒண்டுமே இல்ல."

மினாராவும் டவரும் சேர்ந்து நிற்பது குடாவின் மறுகரையில், மூதூரில். கிண்ணியாவில் இறங்கித் தேடியவனுக்கு மூதூரின் கல் எப்படி அகப்படும்? அவள் கட்டிய கடலில் நீரோட்டமே இல்லை. புறப்பட்ட துறையை விட்டு யாரும் விலகிப் போகமாட்டார்கள் என்று அடுக்கியிருந்தாள். மூதூரைத் திறந்தாள். எட்டுக் கற்கள். ஒன்றில் இறங்கி வாசித்து, ஏறி, அடுத்ததில் இறங்கி, மறுபடி ஏறினாள். கனவில் சுகமாக இறங்கிய படிகள் இப்போது முடியவே மாட்டோம் என்றன. அல்லாஹ்வே, இதற்கா இத்தனை படி வைத்தேன் என்று வாய்விட்டு அழுதாள்.

ஐந்தாவது, ஆமைக்கல். மினாராவும் டவரும் அதில் இருந்தன.

"தம்பி, மினாராவுக்கும் டவருக்கும் நடுவுல இடைவெளி தெரியிதா?"

"ஓம், ஒரு கை அகலம்."

"அப்ப கல்லு உனக்கு நேர முன்னால. வடக்க திருப்பு. ரெண்டும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா மறையுமட்டும் வடக்கயே போ, அங்க கல்லில்ல."

எஞ்சின் இரைந்தது. வெகுநேரம் கழித்து, "மறைஞ்சிட்டு ராத்தா. தண்ணி கறுத்திட்டு," என்றான்.

அன்று கறி கருகவில்லை, அடுப்பே மூட்டவில்லை. ஒரு கிழமை இருந்து தளத்தைத் திருத்தினாள். துறையும் பகுதியும் கல்லும் அந்தந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் கரையிலிருந்து தெரியும் ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் பிறந்தது: மினாரா, டவர், மா ஆலை, வெளிச்சவீடு. ஒவ்வொன்றிலிருந்தும் அது காட்டிக்கொடுக்கும் கற்களுக்கெல்லாம் வழி போனது, எந்தத் துறைக் கல்லானாலும் சரி. முகப்பில் துறைகளின் பெயர்களுக்கும் மேலே ஒரு கேள்வி வைத்தாள்: இப்போது உங்களுக்கு என்ன தெரிகிறது?

இக்ராம் திரும்பவும் கடலுக்குப் போனான். முதல் நாள் பின்நேரம் ஒரு படம் அனுப்பினான். தென்னைகள், கூரைகள், அவற்றுக்கு மேலே ஒரு நீலத் தண்ணீர்த்தாங்கி. அவள் வீட்டு மொட்டைமாடித் தாங்கிதான்.

"இதுக்கும் ஒரு பக்கம் போடுங்க ராத்தா," என்று எழுதியிருந்தான்.

போட்டாள். இதற்கு மேலே எந்தப் பக்கம் என்று தளம் வழக்கம்போலக் கேட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். கற்களின் பெயர்கள் வரவேண்டிய இடத்தில் ஒரு வரி மட்டும் எழுதினாள்:

இது தெரிந்தால் முன்னால் கல் ஏதும் இல்லை. நேரே வாருங்கள்.