துளை போடாமல் மாட்டிய வார்

போலீஸ்காரர் என் குசினி மேசையில் உட்கார்ந்து கேட்டார்: "இந்த வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தால் உங்களுக்குப் பயமாக இருக்குமா?"

"இல்லை" என்றேன். பொய்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் பாதையோரம் ஒரு பழைய மரவீட்டில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். இந்த நாட்டில் ஒருவர் துப்பாக்கி உரிமம் கேட்டால் அவர் மனைவியையும் தனியாக விசாரிப்பார்கள். நான் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் என் கணவர், யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், மரம் அறுத்து விற்கும் ஒரு மரக்காலையில் பலகை ஏற்றிக்கொண்டிருந்தார். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடங்களில் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. அங்கே வேலை வாங்கும் போர்மன் காட்டு ஆடு வேட்டைக்குக் கூப்பிட்டார் என்று சொல்ல வந்த அன்றுதான் அவர் முகத்தில் ஒரு வெளிச்சத்தைக் கண்டேன். அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

உரிமம் கிடைத்தது. துப்பாக்கி வைக்க அலமாரிக்குள் ஒரு இரும்புப் பெட்டி பொருத்தப்பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, கம்பளியில் சுற்றிய ரைபிளை அவர் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் சோற்றுப் பானையைத் தூக்கித் தள்ளி வைத்தேன்.

"போர்மன்ரை தகப்பன்ரை துவக்கு. தோளிலை மாட்ட வாரில்லை. மரத்திலை ஒரு ஓட்டையும் போடக்கூடாதெண்டு சொல்லித்தான் தந்தவர். நீர் தைக்கிறனீர்தானே, ஒரு வழி பண்ணித் தாரும்."

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், படகுகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் வேலை செய்தேன். கன்வஸும் தடித்த ஊசியும் என் கைக்குப் பழக்கம். துவக்கைத் தொடத்தான் தயக்கம். ஊரில் சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், நிற்கும்போது ஆமிக்காரனின் முகத்தைப் பார்க்கக் கூடாது. நிலத்தைப் பார்த்தாலும் சந்தேகப்படுவான். அதனால் நான் துவக்கின் வாரைப் பார்ப்பேன். சிலருடையது பச்சை நாடா. ஒருவன் நைலோன் கயிறு கட்டியிருந்தான். அது எந்த இடத்தில் முடிச்சிடப்படுகிறது, தோளில் எங்கே அழுத்துகிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அதனால் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சுடும்போது தோளில் அண்டும் பின்பக்க மரக்கட்டைக்குச் சட்டைக்கை போல ஒரு தோல் உறை வெட்டி, பக்கத்தில் நாடா கோத்து இறுக்கினேன். அதன் அடியில் ஒரு வளையம். முன்பக்கம், குழலையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றி ஒரு தோல் பட்டி. அதிலும் ஒரு வளையம். இரண்டுக்கும் இடையில் கன்வஸ் வார். மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. முன்பட்டியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹாலுக்கும் குசினிக்குமாக நடந்தார்.

"பாரும், பாரமே தெரியேல்லை."

அவர் நடை மாறியிருந்தது. ஒரு தோளை உயர்த்தி, முழங்கையைப் பின்னால் தள்ளி. அந்த நடையை எனக்குத் தெரியும்.

"கழட்டி வையுங்கோ" என்றேன்.

"ஏனப்பா?"

"சோறு ஆறுது."

சனிக்கிழமை விடிய போர்மனின் வான் வந்து ஹோர்ன் அடித்தது. கணவர் போனபின் மழை பிடித்தது. பத்து மணிக்கு மேல் அது கொட்டியது. ஜன்னலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: கன்வஸ் நனைந்தால் இறுகும். தோல் நனைந்தால் இளகும். வருடக்கணக்காகக் கன்வஸ் தைத்த புத்தியில் நான் தோலையும் அப்படியே நம்பிவிட்டேன். முன்பட்டிக்கு உள்ளே ஒரு ரப்பர் துண்டு வைத்திருக்க வேண்டும். சொல்வதற்கு அவரிடம் போன் இல்லை. அன்று முழுவதும் நான் ஒரு வாய் சாப்பிடவில்லை.

பின்னேரம் அவர் வந்தார். உடம்பின் முன்பக்கம் முழுவதும், கன்னம் வரை, சேறு. ரைபிள் கையில் இருந்தது, தோளில் இல்லை.

"பட்டி வழுக்கிப்போட்டுது. வேலி ஏறேக்கை விழுந்து வெடிச்சுது. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

"என்ரை பிழை" என்றேன்.

"இல்லை. வேலி ஏற முதல் குண்டை எடுக்கச் சொல்லிப் போர்மன் சொன்னவர். நான் எடுக்கேல்லை." குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை போர்மன் துவக்கை எடுக்க வந்தார். பெரிய, செம்பட்டை முடிக்காரர். கணவர் கடைக்குப் போயிருந்தார். நான் போர்மன் முன்னாலேயே நாடாவை உருவி உறையைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் மரத்தைப் பார்க்கவே இல்லை.

"குண்டு என் பையைத் துளைத்துக்கொண்டு போனது. அது பரவாயில்லை" என்றார் ஆங்கிலத்தில். "நான் திரும்பிப் பார்த்தபோது உங்கள் கணவர் சேற்றில் குப்புறக் கிடந்தார். இரண்டு கையும் பிடரியில் கோத்திருந்தன. அடிபட்டுவிட்டதோ என்று ஓடினேன். காயம் இல்லை. எழும்பச் சொன்னேன், எழும்பவில்லை. நான் பக்கத்தில் போகப் போக இன்னும் இறுக்கமாகக் கிடந்தார். கடைசியில் நானும் அந்த மழையில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே, உங்கள் ஊரில், அவருக்கு என்ன நடந்தது?"

"எனக்குத் தெரியாது" என்றேன். இந்த முறை அது பொய் இல்லை. கலியாணம் கட்டி ஆறு வருடம், எனக்குத் தெரியாது.

போர்மன் போனபின் கணவர் பால் போத்தலோடு வந்தார். இரும்புப் பெட்டி திறந்து கிடந்ததைக் கண்டார்.

"எல்லாம் சொல்லிப்போட்டாரோ?"

"ஓம்."

பாலை மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னார். "நான் படிப்பிச்ச பள்ளிக்கூட மைதானத்திலைதான். ஆமிக்காரங்கள் எங்களைக் காலமை துவங்கிப் பின்னேரம் மட்டும் அப்பிடிக் கிடத்தி வைச்சிருந்தவங்கள். நடுவிலை ஒரு வெடி. எனக்குப் பக்கத்திலை கிடந்தவர் பிறகு அசையேல்லை. ஆரெண்டு தலையைத் திருப்பிப் பாக்க எனக்குத் துணிவில்லை. இண்டைக்கும் ஆரெண்டு தெரியாது."

நான் அவர் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது.

அடுத்த கிழமை உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். மரக்காலையை விட்டு விலகவில்லை. ஆனால் காற்றழுத்தத்தில் வெடிச்சத்தத்தோடு ஆணி அடிக்கும் கொட்டகையில் பலகை ஏற்றியவரை எடுத்து, வாசலில் பலகை அளந்து அனுப்பும் வேலைக்குப் போர்மன் மாற்றியிருந்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. என் கணவரும் கேட்கவில்லை.